தட்டில் இரண்டு, சட்டைக்குள் இரண்டு

முலை என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மார்பகம் என்று எழுதினால் ஆஸ்பத்திரித் துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கிறது. நெஞ்சு என்று எழுதினால் அது பொய். எனக்கு வலப்பக்கத்து முலையை எடுத்து இரண்டு வருடமாகிறது. அதைப் பற்றியும், ஒரு ஸ்பானிய ஓவியத்தைப் பற்றியும், என் தங்கச்சி மகள் வயதுக்கு வந்ததற்குச் செய்த சாமத்தியவீட்டைப் பற்றியும் எழுதப்போகிறேன். மூன்றும் ஒரே குளிர்காலத்தில் என் தலையில் வந்து விழுந்தன. கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை மறைக்கிற எண்ணமில்லை.

பாசல் நகரத்து நூதனசாலை ஒன்றில் எனக்குக் காவல் வேலை. பதினொரு வருடம் அதே கட்டடத்தைத் துடைத்துக் கூட்டினேன்; பிறகு கறுப்புக் காற்சட்டையும் கழுத்து அட்டையும் தந்து அறையில் நிற்க விட்டார்கள். படத்தைத் தொடாமல், முதுகுப் பையோடு பின்னால் நகராமல் ஆட்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அறையில் நிற்கிற எங்களை ஒருவரும் பார்ப்பதில்லை. எங்களுக்குக் காது இருக்கிறது என்பதையும் மறந்துவிடுவார்கள். ஒரே விளக்கத்தை வாரத்தில் பத்துத் தரம் கேட்டால் எந்த மண்டைக்குள்ளும் ஏறிவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் ஸ்பானிய சமய ஓவியங்களின் கண்காட்சி. நானூறு வருடங்களுக்கு முன்னர் மடங்களுக்கும் தேவாலயங்களுக்குமாக வரைந்தவை. பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து விளக்கம் சொல்கிற பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். இந்தப் படங்களைத்தான் வாழ்நாள் முழுக்கப் படித்தவராம். மெல்லிய குரல். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "இந்தப் படங்களில் எந்தப் பொருளும் வெறும் பொருள் இல்லை."

கால் கட்டிய செம்மறிக்குட்டி ஆட்டுக்குட்டி அல்ல, அது கிறிஸ்து. குவளைத் தண்ணீர் மாதாவின் தூய்மை. லில்லிப் பூ கன்னிமை. சிறுவன் இயேசுவின் விரலில் குத்திய முள் பின்னால் வரப்போகும் முள்முடி. தட்டிலிருக்கும் எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஒரு பொருள் உண்டு. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். எலுமிச்சம்பழத்துக்குப் பொருள் சொல்ல எங்களுக்கு ஸ்பெயினிலிருந்து ஆள் வரத் தேவையில்லை. புதுக் கார் வாங்கினால் நாலு சில்லுக்கும் கீழே வைத்து நசிக்கிற ஆட்கள் நாங்கள். மஞ்சள், குங்குமம், நிறைகுடம், வெற்றிலை என்று எங்களிடமும் எதுவும் அதுவாக இருப்பதில்லை. அதனால் முதல் கிழமை எனக்கு அந்த அறை பிடித்திருந்தது, சொந்தக்காரர் வீட்டில் நிற்கிற மாதிரி.

என் அறையில் ஐந்து புனிதைகள். ஆளுயரப் படங்கள். பட்டுடுத்தி, கொண்டை போட்டு, ஊர்வலத்தில் நடந்துகொண்டிருக்கும்போது யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி நிற்பார்கள். ஒவ்வொருத்தி கையிலும் அவளைச் சித்திரவதை செய்ததன் சாட்சி இருக்கும். ஒருத்தி பல்லைப் பிடுங்கிய குறட்டைப் பிடித்திருந்தாள். ஒருத்தி தன் இரண்டு கண்களையும் தட்டில் வைத்திருந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவளின் தட்டில் வெள்ளையாய், உருண்டையாய், உச்சியில் ஒரு நுனியோடு இரண்டு. முதல் நாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு மோதகம் என்றே நினைத்தேன். கிட்டப் போய் சுவரிலிருந்த குறிப்பைப் படித்தேன். மதம் மாற மறுத்ததற்காக அவளுடைய முலைகளை அறுத்தார்களாம்.

என் கதிரை அவளுக்கு மூன்று மீற்றர் தூரத்தில். எனக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சட்டைக்குள் சிலிக்கோனில் செய்த பொய் முலை ஒன்று வைத்திருந்தேன். நல்ல பொருள், நல்ல பாரம், மத்தியானத்துக்குப் பிறகு வியர்க்கும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆட்கள் வராத காலை நேரத்தில் பக்கவாட்டில் நின்றும் பார்த்தேன். கழுத்துவரை பொத்திய மஞ்சள் சட்டை, இரண்டு பக்கமும் நிறைவாகப் புடைத்திருந்தது. தட்டில் இரண்டு, சட்டைக்குள்ளும் இரண்டு. அப்படியென்றால் தட்டில் கிடப்பது ஆருடையது என்று கேட்க எனக்கு வாய் துடித்தது.

இந்த நேரத்தில்தான் பாடனில் இருக்கும் தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையானாள். பள்ளிக்கூட விடுமுறைக்கு மண்டபம் எடுத்து, வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கி, ஐயரையும் கமராக்காரரையும் பிடித்துவிட்டாள் தங்கச்சி. எங்களிடம் ஆலாத்தி எடுப்பது என்றால் இரண்டு பெண்கள் ஒரு தட்டைச் சேர்ந்து பிடிக்க வேண்டும். வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்தி, பிள்ளைக்கு முன்னால் மூன்று தரம் சுற்றி, பிறகு பொட்டு வைத்து இறங்க வேண்டும். சோடி சோடியாக ஏறுவார்கள். புருசன் இருக்கிற பெண்களாக இருக்க வேண்டும். பெரியம்மா நான் முதல் சோடியில் நிற்பேன் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் தூக்கியவள் நான். ஊதா நிறத்தில் சீலையும் வாங்கிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் குழுவில் பட்டியல் வந்தது. ஏழு சோடி, பதினான்கு பெயர். தங்கச்சி புருசனின் ஒன்றுவிட்ட சகோதரியின் மச்சாள்கூட இருந்தா. என் பெயர் இல்லை. மேலும் கீழுமாய் மூன்று தரம் பார்த்துவிட்டு ரெலிபோன் எடுத்தேன்.

"நான் எந்தச் சோடி?"

"அக்கா, நீங்கள் களைச்சுப் போவியள். முன் வரிசையில வடிவா இருந்து பாருங்கோ."

"மூண்டு தரம் தட்டுச் சுத்த எனக்கென்ன களைப்பு? எட்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்யிறன்."

"இவரின்ர பக்கத்து ஆக்கள் கதைப்பினம் அக்கா. குறையில்லாத ஆக்கள்தான் எடுக்கிறது எண்டு."

புருசன் இல்லாத பெண்ணை மேடையில் ஏற்றுவதில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார்கள். அதெல்லாம் நடந்தபோது நானும் ஏறிக்கொண்டிருந்த ஆள்தான், ஒரு நாள் வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமும் இந்தக் கோபத்துக்குள் இருக்கிறது. ரெலிபோனை வைத்தேன். புருசன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விடும், அவை சொன்னால் சொல்லட்டும்" என்றார். அவரோடும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அடுத்த நாள் அந்த விளக்கப் பெண்மணி ஓய்வூதியம் எடுக்கிறவர்களின் கூட்டம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார். வழமைபோல வாசலில் நின்ற புனிதையைக் காட்டினார். முகத்தின் அமைதியைக் கவனியுங்கள், நடையின் கம்பீரத்தைக் கவனியுங்கள், ஊரிலிருந்த ஒரு பிரபு வீட்டுப் பெண்ணுக்குப் புனிதையின் வேடம் போட்டு நிறுத்தி வரைந்திருக்கலாம் என்றார். நான் காவலாளி; விளக்கத்துக்குள் வாய் வைக்கக் கூடாது. வைத்தேன்.

"அவருக்கு ஏன் சட்டை தட்டையாக இல்லை?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது, கதிரை கதைத்துவிட்ட மாதிரி. அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை, கேள்வி வந்ததே அவருக்குச் சந்தோஷம். "நல்ல கேள்வி. தட்டையாக வரைந்திருந்தால் அவர் ஒரு நோயாளிப் பெண்ணாகிவிடுவார். இங்கே அவர் துன்பப்படும் பெண் அல்ல. விசுவாசத்தின் அடையாளம். தட்டில் இருப்பதை உடலாகப் பார்க்கக் கூடாது."

"அவருக்கு நொந்திருக்காதா?"

"கதையில் நொந்தது. படத்தில் இல்லை."

"எனக்கு இங்கே வெட்டினார்கள்" என்று வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். "நொந்தது. இப்போதும் நோகிறது. இது எதன் அடையாளம் என்று சொல்லுங்கள்."

கூட்டத்திலிருந்த ஒரு கிழவி விலகிப்போய் யன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்தா. அந்தப் பெண்மணி என் கையைப் பிடிக்க வந்தார், நான் கொடுக்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் பாவமாக இருக்கிறது. தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டியதில் பாதியை அந்த மனுசிக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் மற்றப் பாதி அவருக்கு உரியதுதான். நானூறு வருடமாக ஒருத்தி தன் அறுத்த சதையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், வருகிறவர்களெல்லாம் தட்டைப் பார்க்காதே, பொருளைப் பார் என்கிறார்கள்.

பின்னேரம் மேலாளர் கூப்பிட்டார். பார்வையாளருக்கு முன்னால் சொந்த விஷயம் வேண்டாம் என்றார். வேறு அறை வேண்டுமா, நிலத்தோற்றப் படங்கள் இருக்கும் அறையில் ஓர் இடம் இருக்கிறது என்றார். நல்ல மனுசன்தான். வேண்டாம், நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளை விட்டுவிட்டு மலையையும் மாட்டையும் காவல் காக்க எனக்கு மனமில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வந்தாள். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் அழைப்பிதழைக் கையில் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும். தபாலில் போட்டால் அது ஆயுளுக்கும் குறை. எனக்கு அன்று வேலை என்றபடியால் நூதனசாலைக்கே வந்துவிட்டாள். பட்டுச் சீலைக்கு மேல் குளிர்ச்சட்டை, கையில் குங்குமச் சிமிழ் வைத்த பை. அறைக்குள் நுழைந்து என்னைக் காணுமுன் வாசல் படத்தைக் கண்டாள்.

"இதென்ன அக்கா, மோதகம் வைச்சுக்கொண்டு நிக்கிறா?"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "நானும் முதல் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றேன். அவளும் சிரித்தாள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே சமையலறையில் வளர்ந்த கண்கள், வேறென்னவாகத் தெரியும். அந்த அரை நிமிசம் எங்களுக்குள் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. பிறகு நான் அது என்னவென்று சொன்னேன்.

"சிவ சிவா" என்று அவள் ஓரடி பின்னால் போனாள். "இதையெல்லாம் ஏன் கீறினவங்கள்?"

"கீறி, கோயில்ல வைச்சுக் கும்பிட்டிருக்கினம். நீ என்னை மேடையில ஏத்த மாட்டன் எண்டுறாய்."

"அவ சாமி அக்கா. நீங்கள் மனுசி."

"மனுசி எண்டபடியால்தான் கேக்கிறன்."

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "இவரின்ர ஆக்களில நான் பழியைப் போட்டனான். அது அவையில்லை. எனக்குத்தான் மனம் வரேல்லை. பிள்ளைக்கு இப்பத்தான் வளருது அக்கா. அந்த நேரத்தில உங்கட கையால…" மிச்சத்தைச் சொல்லவில்லை.

நான் கத்தியிருப்பேன். ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் தட்டில் கண்களை வைத்திருந்த புனிதையின் படத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோக, எச்சரிக்கை மணி கூவியது. நான் ஓடிப்போய் "தயவுசெய்து தள்ளி நில்லுங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது தங்கச்சி போய்விட்டாள். அழைப்பிதழ் என் கதிரையில் இருந்தது. பத்து மாதம் மருந்து ஏற்றி மயிர் கொட்டி நின்றபோது வராத அழுகை அன்றைக்கு வந்தது. கழிப்பறையில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்ச நேரத்தையும் நின்று முடித்தேன்.

போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பிள்ளை என்ன பாவம் செய்தது என்று புருசன் கேட்டதால் போனேன். பாடனுக்குப் பக்கத்து மண்டபம். தெர்மோகோல் அன்னம், பிளாஸ்ரிக் வாழை, திரி கொளுத்துவதற்கென்று அனுமதி வாங்கி, அதைக் கண்காணிக்க தீயணைக்கும் உருளையோடு மண்டபக் காவலாளி ஒருவர். அந்த மனுசனைப் பார்த்ததும் எனக்கு ஒரு தொழில் பாசம் வந்தது. ஊதாச் சீலையைக் கட்டி, சிலிக்கோனை வைத்து, முன் வரிசையில் வடிவாக இருந்தேன். ஆறு சோடி ஏறி இறங்கிவிட்டது. ஏழாவது சோடியில் ஒருத்தியைக் காணவில்லை. ஒலிவாங்கியில் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பிறகு தங்கச்சி என்னிடம் ஓடிவந்து காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, அவவுக்குத் துடக்கு வந்திட்டுதாம், காருக்குள்ள போய் இருக்கிறா. ஏழு தட்டு எடுக்கிறதா நேந்தது. மற்ற ஆக்கள் எல்லாரும் ஒருக்கா எடுத்திட்டினம், திரும்ப எடுக்கேலாது. வேற ஆளைத் தேட நேரமில்லை. நீங்கள் வாங்கோ."

பிள்ளைக்குத் தீட்டு வந்ததற்கு மண்டபம், மேளம், நானூறு பேருக்குச் சாப்பாடு. அதே தீட்டு அந்தப் பெண்ணுக்கு வந்ததற்குக் கார் நிறுத்துமிடம். எனக்குத் தலையில் இரத்தம் ஏறிவிட்டது. கணக்குக்கு ஓராள் குறைகிறது என்றதும் என் கை நல்ல கையாகிவிட்டது.

"ரெண்டு நிமிசம் பொறு" என்றேன்.

கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, சிலிக்கோனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். முந்தானையை ஒடுக்கி மடித்துக் குத்தினேன். வலப்பக்கத்துச் சட்டை காற்றுப்போன பலூன் மாதிரி தொங்கியது. கைப்பையைப் புருசனிடம் கொடுத்தேன். "என்ன பாரமாக் கிடக்கு?" என்று கேட்டவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மேடையில் ஏறினேன். மற்றப் பக்கத்தைப் பிடித்தவ யாரென்று எனக்குத் தெரியாது. அவவின் பார்வை என் முகத்துக்குக் கீழே இறங்கியதும் தட்டு ஒருக்கா ஆடியது. கமராக்காரர் வந்து, "அன்ரி, சீலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்துவிடுங்கோ" என்றார்.

"தேவையில்லை. இப்பிடியே எடுங்கோ."

மூன்று தரம் சுற்றினோம். பொட்டு வைக்கக் குனிந்தபோது பிள்ளை என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு ஒப்பரேசன் என்பதோடு சரி.

"பெரியம்மா, அது நோகுதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஓம்" என்றேன். "குளிர் நாளில கூடுதலா நோகும்."

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். கீழே இறங்கும்போது யார் பார்த்தார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று நான் பார்க்கவில்லை. சாப்பிட்டேன், பாயாசம் இரண்டாம் தரமும் வாங்கினேன். தங்கச்சி கிட்ட வரவில்லை. எனக்கு அன்றைக்குக் கோபம் இல்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

கோடை தொடங்கும்போது அல்பம் வந்தது. தோல் அட்டை போட்ட பெரிய அல்பம். ஏழு சோடிக்கும் ஒவ்வொரு முழுப்பக்கப் படம். கடைசிப் பக்கத்தில் நானும் அந்தப் பெண்ணும், நடுவில் தட்டு, திரி எரிகிறது. என் சீலைச் சட்டை இரண்டு பக்கமும் நிறைவாக இருந்தது. ஒரு சுருக்கமில்லை, ஒரு வித்தியாசமில்லை. கணினியில் வைத்து அவ்வளவு நுட்பமாக வேலை செய்திருக்கிறார்கள். ஒரு கணம் நானே என் வலப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

ரெலிபோன் எடுத்தேன். "ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான்." அவள் மறைக்கவில்லை. "நாளைக்கு அவளைப் பொம்பிளை கேட்டு வாறவை அல்பம் பாப்பினம் அக்கா. தாய் வழியில இப்பிடி ஒரு நோய் வருத்தமோ எண்டு கேப்பினம். உங்களை வடிவாத்தானே செய்திருக்கினம்."

"முதல் எடுத்த படம் எங்க?"

"அழிக்கச் சொல்லிப்போட்டன்."

மேடையில் நானூறு பேருக்கு முன்னால் நான் நின்றது உண்மை. ஆனால் இன்னும் இருபது வருடத்தில் அந்த நானூறு பேரும் மறந்துவிடுவார்கள், அல்பம்தான் இருக்கும். அதில் இருக்கிறவள் நான் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வேறொன்று முன்னால் வந்தது.

"பிள்ளை பாத்தவளோ?"

"பாத்தவள்."

"என்ன சொன்னவள்?"

"பெரியம்மாவுக்கு இது இல்லையே, ஆர் வைச்சது எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னாய்?"

"வாயை மூடு எண்டு சொன்னனான்."

நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். இன்றுவரைக்கும் தங்கச்சியோடு கதைக்கவில்லை.